பிறர் வாழ்வும் எமது சாகசமும்

அண்மைக் காலத்தில் ஒரு புதுவகைப் பிரயாணம் மேல்நாடுகளிலே பெருவழக்காகி வருகின்றது. பாரிசையும் ரோமாபுரியையும் பார்த்து முடித்தோர், கடற்கரை விடுதிகளின் சொகுசிலும் சலிப்புற்றோர், 'அதிகம் பேர் போகாத நாடுகள்' என்ற பெயரில் விற்கப்படும் பிரயாணங்களை நாடுகின்றனர். அத்தகைய நாடுகளிற் பல மத்திய கோட்டை அண்டிக் கிடக்கும் ஆபிரிக்க நாடுகளாகும். காபோன், இரு கொங்கோக்கள், மத்திய ஆபிரிக்கக் குடியரசு, மத்தியகோட்டுக் கினி, சாவோ தோமே தீவு முதலியன அப்பட்டியலில் இடம்பெறுகின்றன. விளம்பரங்கள் வாக்களிப்பன வழமையான இன்பங்கள் அல்ல. சேற்றில் அமிழும் பாதை, நாட்கணக்கிற் பிந்தி வரும் படகு, நுளம்பு, மழை, மின்சாரமற்ற இரவு ஆகியவையே அங்கு விலைப்படும் சரக்குகள். இன்பத்தை விற்பது வாணிபத்தின் பழைய தொழில். இடரை அளந்து விற்பது அதன் புதிய தேர்ச்சி.

இங்கு ஒரு கேள்வி எழுகின்றது. ஒருவன் வேறு வழியின்றி நாள்தோறும் படும் இடரை, இன்னொருவன் விலை கொடுத்து வாங்கி அனுபவிப்பது முறையாகுமா?

தன் பணத்தைச் செலவிட்டுத் தன் உடலையே வருத்திக்கொள்பவனால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்போர் உளர். அவர் கூற்றை நாம் எளிதில் ஒதுக்கிவிடல் தகாது. புதியதைக் காணவேண்டும் என்னும் அவா மனிதனோடு பிறந்தது. அதனை ஏளனஞ் செய்வது முற்போக்கின் அடையாளமன்று. பிறந்த ஊரின் எல்லையைத் தாண்டாதவன் அக்காரணத்தினாலேயே நல்லவனாகி விடுவதுமில்லை. பயணஞ் செய்யாத பலர் பிற நாட்டாரைப் பற்றி எத்தகைய இழிந்த எண்ணங்களை வளர்த்துக்கொண்டுள்ளனர் என்பதை நாம் அறிவோம். ஆதலால் போகலாமா, போகக்கூடாதா என்பதன்று எமது கேள்வி. போகின்றவனுக்கும் அங்கு இருக்கின்றவனுக்கும் இடையே உள்ள உறவு யாது என்பதே.

சாகசம் என்பது வெறும் துன்பமன்று. தாமே விரும்பி ஏற்பதும், வேண்டியபோது விட்டு விலகக்கூடியதுமான துன்பத்தையே நாம் சாகசம் என்கின்றோம். கொங்கோ ஆற்றிலே கின்சாசாவிலிருந்து கிசங்கானி வரை ஏறத்தாழ 1,700 கிலோமீற்றர் தூரத்துக்குப் படகு செல்லும். இழுவைப் படகொன்றோடு பிணைக்கப்பட்ட தட்டைப் படகுகள் மேல் நூற்றுக்கணக்கானோர் நெருக்கமாக அமர்ந்தும் கிடந்தும் வாரக்கணக்காகப் பயணஞ் செய்வர். ஆடுகளும் கோழிகளும் அவர்களோடு வரும். கரையோரக் கிராமங்களிலிருந்து ஓடங்கள் துடுப்பு வலித்து வந்து படகை அணைந்து புகையூட்டிய மீனையும் மரவள்ளியையும் விற்றுச் சவர்க்காரத்தையும் உப்பையும் துணியையும் வாங்கிச் செல்லும். மணல்மேட்டிற் படகு தட்டினால் நாட்கணக்கிற் காத்திருத்தல் வேண்டும். அளவுக்கு மிஞ்சிய பாரத்தினாற் படகுகள் கவிழ்வதும் மக்கள் மாள்வதும் அந்நாட்டில் அடிக்கடி கேட்கப்படும் செய்திகள்.

இப்படகிலே ஒரு வியாபாரப் பெண் இருக்கின்றாள் என்று கொள்வோம். அவள் அருகே துணிகரப் பயணி ஒருவனும் அமர்ந்திருக்கின்றான். ஒரே மழை இருவரையும் நனைக்கின்றது. ஒரே நுளம்பு இருவரையும் கடிக்கின்றது. ஆயினும் அவனுடைய பையிலே காப்புறுதிப் பத்திரமும் திரும்பிச் செல்லும் விமானச் சீட்டும் உள. அவளுடைய மூட்டையிலே அவள் முதல் முழுவதும் உளது. மீன் பழுதாகுமுன் சந்தையை அடைவாளா என்பது அவள் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவைப் பற்றிய கேள்வி. படகு பிந்தினால் அவனுக்குச் சொல்வதற்கு ஒரு கதை கூடும். அவளுக்குக் கடன் கூடும். ஒரே படகு, ஒரே ஆறு. எனினும் அவன் சாகசஞ் செய்கின்றான், அவள் சந்தைக்குப் போகின்றாள்.

எமது பழைய அகப்பாடல்கள் இவ்விடத்து நினைவுக்கு வருகின்றன. பாலை நிலத்தைக் கடப்பவனை அப்புலவர்கள் நிறையவே பாடியுள்ளனர். ஆயின் வழியின் கொடுமையை அனுபவிக்கவென்று அங்கு எவனும் புறப்படவில்லை. பொருள் தேடியே புறப்படுகின்றான். வழி அவனுக்கு வேட்கையன்று, விலை. பயணத்தின் துன்பத்தை விரும்பி நாடும் மனநிலை, வீட்டில் வேண்டிய யாவும் நிறைந்த பின்னரே தோன்றக்கூடியது.

இனி, 'அதிகம் பேர் போகாத' என்னும் அடைமொழியை நோக்குவோம். யாருடைய கணக்கின்படி? அந்நாடுகளிற் பிறந்து, வாழ்ந்து, அயலூருக்கும் அயல் நாட்டுக்கும் நாள்தோறும் போய்வரும் கோடிக்கணக்கானோர் இக்கணக்கிற் சேரார். அதை விட்டாலும், அந்நியர் வருகைக்கு அங்கு என்றேனும் குறைவிருந்ததா? அடிமைக் கப்பல்கள் நூற்றாண்டுக் கணக்காக வந்தன. பின்னர் தேடலாய்வாளர் வந்தனர். ஸ்டான்லி 1874 இலிருந்து 1877 வரை கண்டத்தைக் கிழக்கிலிருந்து மேற்காகக் கடந்தார். அவருடன் சென்ற வெள்ளையர் மூவரும் வழியில் இறந்தனர். சன்சிபாரிலிருந்து சுமை காவி வந்தோரில் அரைவாசிப் பேரளவே கடற்கரையைக் கண்டனர். நூல் ஸ்டான்லியின் பெயரில் வெளிவந்தது. 1884, 1885 ஆம் ஆண்டுகளில் பேர்லின் மாநாடு கூடிற்று. பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோப்போல்ட், தாம் ஒருநாளும் கால்வைக்காத கொங்கோவைத் தமது சொந்த உடைமையாக்கிக்கொண்டார்.

ஆற்றின் மறுகரையிலே பிரெஞ்சுக்காரர் 1921 முதல் 1934 வரை பிராசவிலிலிருந்து கடற்கரைக்கு ஒரு புகையிரதப் பாதை அமைத்தனர். அதன் நீளம் ஏறத்தாழ 510 கிலோமீற்றர். சாட் நாடு வரையிலிருந்து பிடித்துவரப்பட்ட தொழிலாளர் அதில் வேலை செய்தனர். குறைந்தது 17,000 பேர் மாண்டனர் என்பர். மயோம்பே மலைக்காட்டினூடாக அப்பாதை வளைந்து செல்லும் அழகை வியப்பவனுக்கு, அந்நாடு யாரும் வராத நாடு என்று எவ்வாறு சொல்ல வாய் வரும்? வேண்டாத விருந்தினர் அளவுக்கு மிஞ்சி வந்து சென்ற நாடு அது. கால்நடைப் பாதைகளும் கட்டிடங்களும் இன்று காட்டினால் மூடப்பட்டிருப்பதனால், அங்கு ஒன்றும் நடக்கவில்லை என்று ஆகிவிடாது.

பயணியின் கண் எதனைக் காண்கின்றது என்பதை அறிய 1890 ஆம் ஆண்டு எமக்கு உதவுகின்றது. அவ்வாண்டிலே அதே கொங்கோ ஆற்றில் மூவர் இருந்தனர். ஒருவர் ஜோசப் கொன்ராட். சிறுவயதில் ஆபிரிக்கப் படத்தின் நடுவிலே வெறுமையாக விடப்பட்ட இடத்தில் விரலை வைத்து, அங்கே போவேன் என்று கூறியவர். நீராவிக் கப்பலொன்றில் வேலை பெற்று உண்மையிலேயே போனார். இன்னொருவர் றொஜர் கேஸ்மன்ட். அக்காலத்தில் அங்கு பணிபுரிந்த இளைஞர். மூன்றாமவர் ஜோர்ஜ் வாஷிங்டன் வில்லியம்ஸ். அமெரிக்கக் கறுப்பினத்தவர், உள்நாட்டுப் போரிற் போர்வீரராயிருந்தவர், தம் இனத்தாரின் வரலாற்றை எழுதியவர். ஆபிரிக்காவை ஆபிரிக்க அமெரிக்கர் பணிசெய்யத்தக்க இடமாகக் காண விரும்பி அங்கு சென்றார்.

கண்டது ஏறத்தாழ ஒன்றே. செய்தது வேறு. வில்லியம்ஸ் ஆற்றின் கரையிலிருந்தே லியோப்போல்ட் மன்னருக்குப் பகிரங்கக் கடிதமொன்று எழுதினார். மோசடியான ஒப்பந்தங்களால் நிலம் பறிக்கப்பட்டதையும், கட்டாய வேலையையும், கொலையையும், மன்னரின் அலுவலரே ஆட்களை விலைக்கு வாங்கியதையும் குற்றச்சாட்டுகளாக நிரைப்படுத்தினார். அடுத்த ஆண்டு, தமது 41 ஆவது வயதில், இங்கிலாந்தில் இறந்தார். கேஸ்மன்டுக்கு நீண்ட காலம் பிடித்தது. 1903 இல் பிரித்தானிய அரசின் பிரதிநிதியாக ஆற்றில் மீண்டும் ஏறிச்சென்று அவர் எழுதிய அறிக்கை 1904 இல் உலகை உலுக்கிற்று. கொன்ராடின் புகழ்பெற்ற கதை 1899 இல் வெளிவந்தது. ஐரோப்பியரின் பேராசையை அது தோலுரித்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அக்கதையில் ஆற்றங்கரை மக்களுக்குப் பேச்சு இல்லை. அவர்கள் இருளின் ஒரு பகுதியாகவே வருகின்றனர். 1975 இல் நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்சேபே இதனைக் கண்டித்துப் பேசியது பலரைச் சினங்கொள்ளச் செய்தது. ஒரு வெள்ளையனின் மனச்சிதைவுக்கு மேடையமைக்க ஒரு கண்டத்தையே பயன்படுத்தலாமா என்ற அவரது கேள்வி, இன்று தம் மனக்களைப்பைப் போக்கவென்று அங்கு செல்வோரையும் தொடர்வது. 'என்னை நானே கண்டுகொண்டேன்' என்று திரும்பி வந்து கூறும் பயணி எத்தனை பேர்! தன்னைக் காண்பதற்கு அவ்வளவு தொலைவு போயிருக்க வேண்டுவதில்லை.

பேச்சற்றவர் என்று கருதப்பட்டோர் பேசவே செய்தனர். கேட்போர் இல்லாமையே குறை. கேஸ்மன்டின் அறிக்கைக்குப் பின்னர் லியோப்போல்ட் விசாரணைக் குழுவொன்றை அனுப்ப வேண்டியதாயிற்று. 1904, 1905 ஆம் ஆண்டுகளில் அக்குழு ஊரூராகச் சாட்சியங்களைக் கேட்டது. பொலிமா என்னும் இடத்துத் தலைவர் லொந்துலு அதன்முன் வந்தார். சவுக்கடியும் சங்கிலியும் கண்ட மனிதர். அவர் 110 குச்சிகளை மேசைமீது வைத்தார். இறப்பருக்காகக் கொல்லப்பட்ட தம் மக்களில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு குச்சி. அவற்றை நான்கு குவியல்களாகப் பிரித்திருந்தார்: ஊர்ப் பெரியோர், ஆடவர், பெண்டிர், பிள்ளைகள். எழுத்தும் ஏடும் இல்லாத ஊரில் இதனைவிடத் துல்லியமான ஆவணம் வேறென்ன இருக்க முடியும்? குழுவின் அறிக்கை வெளிவந்தது. சாட்சிகளின் வாய்மொழிகளோ வெளியிடப்படாமல் ஆவணக் காப்பகத்திற் பல்லாண்டுகள் பூட்டப்பட்டுக் கிடந்தன. நூற்றுக்கணக்கான பயண நூல்கள் அச்சேறிய அதே காலத்தில்தான் இது நடந்தது.

இறப்பரைப் பற்றிச் சொல்ல நேர்ந்ததால் எமது நாட்டையும் இங்கு குறிப்பிட்டே ஆகவேண்டும். கொங்கோவில் இறப்பர் எடுக்கப்பட்டது காட்டுக் கொடிகளிலிருந்து. கணவன் காட்டிலிருந்து குறித்த நிறையில் இறப்பரோடு திரும்பும்வரை மனைவியையும் பிள்ளைகளையும் பிணையாகப் பிடித்து வைப்பர். படையினர் செலவழித்த ஒவ்வொரு ரவைக்கும் வெட்டிய கையொன்றைக் கணக்குக் காட்ட வேண்டியிருந்தது. இக்கொடிய முறை தளர்ந்ததற்கு மனச்சாட்சி மட்டும் காரணமன்று. பிரேசிலிலிருந்து லண்டன் வழியாக 1876 இல் கொண்டுவரப்பட்ட கன்றுகள் கம்பஹாவை அடுத்த ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டிருந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையிலும் மலாயாவிலும் இறப்பர்த் தோட்டங்கள் பரவின. முதலாம் உலகப் போர் மூளும் அளவில் தோட்ட இறப்பர் காட்டு இறப்பரை மிஞ்சிவிட்டது. கொங்கோவின் கொடியை வெட்டியவனும், கங்காணியின் கீழ் இங்கு வந்து விடியற்காலையில் மரஞ் சீவிய தமிழ்த் தொழிலாளியும் ஒருவரையொருவர் அறியார். ஆயின் லண்டன் சந்தையின் விலைப்பட்டியல் இருவரையும் அறிந்திருந்தது. மத்திய கோட்டு ஆபிரிக்கா எமக்கு எட்டாத அதிசய பூமி என்று சொல்வோர் இத்தொடர்பை மறந்தே சொல்கின்றனர்.

அங்கு சென்றவர் பலர் காணாததைச் செல்லாமலே கண்டவர் ஒருவரும் உளர். எட்மண்ட் மோரெல், லிவர்பூல் கப்பல் நிறுவனமொன்றின் எழுதுவினைஞர். ஆண்ட்வேர்ப் துறைமுகத்தில் ஏற்றுமதி இறக்குமதிக் கணக்குகளைப் பார்த்து வந்தார். கொங்கோவிலிருந்து வரும் கப்பல்களில் இறப்பரும் யானைத் தந்தமும் நிறைந்திருந்தன. திரும்பிச் செல்லும் கப்பல்களிலோ துவக்குகளும் ரவைகளுமே பெரும்பாலும் ஏறின. இறப்பருக்கு விலையாகக் கொடுக்கத்தக்க பண்டம் எதுவும் போகவில்லை. பண்டம் போகாமற் பண்டம் வருகின்றதென்றால் அங்கு நடப்பது வாணிபமன்று, கட்டாய வேலை என்ற முடிவுக்கு அவர் வந்தார். பதவியைத் துறந்து, 1904 இற் கொங்கோச் சீர்திருத்தச் சங்கத்தை அமைத்தார். 1908 இல் கொங்கோ மன்னரின் கையிலிருந்து பெல்ஜிய அரசின் கைக்கு மாறியதில் அவ்வியக்கத்துக்குப் பெரும்பங்குண்டு. ஒரு கணக்குப் புத்தகத்தைக் கருத்தோடு படிப்பது, ஆயிரம் மைல் நடப்பதற்கு ஈடாகலாம்.

ஆயின் மோரெலைத் தெய்வமாக்கவும் நாம் ஆயத்தமில்லை. 1920 இல் பிரான்சு தன் ஆபிரிக்கப் படைகளை ஜேர்மனியின் றைன் பகுதியில் நிறுத்தியபோது, அப்படையினரைக் காமவெறி பிடித்த விலங்குகளாகச் சித்திரித்துப் பிரசாரஞ் செய்தவரும் இதே மோரெல்தான். தொலைவிலே துன்புறும் ஆபிரிக்கனுக்காகக் கண்ணீர் வடித்தவர், அண்டை வீதியிலே நிமிர்ந்து நடக்கும் ஆபிரிக்கனைச் சகிக்கவில்லை. இரக்கமும் சமத்துவமும் ஒன்றல்ல என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் தேடவேண்டியதில்லை. துணிகரப் பயணிகள் பலர் அந்நாட்டு மக்களின் புன்னகையையும் விருந்தோம்பலையும் மெச்சி உருகுகின்றனர். அம்மெச்சுதல் எத்தகையது என்பது, அம்மக்கள் அவர்களுடைய நகரத்துக்கு வந்து நிற்கும்போதுதான் தெரியவரும்.

இன்பப் பயணமாகத் தொடங்கி வேறொன்றாக முடிந்த பயணங்களும் உண்டு. பிரெஞ்சு எழுத்தாளர் ஆந்திரே ஜீத் 1925 இல் கொங்கோவுக்குப் புறப்பட்டபோது வண்ணத்துப்பூச்சி பிடிக்கும் ஆர்வமும் புதுநிலங் காணும் ஆவலும் உடையவராகவே புறப்பட்டார். சுமைகாவிகள் அவர் பொருள்களைச் சுமந்தனர். அவரைச் சுமக்கப் பல்லக்கும் வந்தது. இன்று மத்திய ஆபிரிக்கக் குடியரசு எனப்படும் பகுதியில், பம்பியோ என்னும் இடத்தில், இறப்பர் போதிய அளவு கொண்டுவராத பத்துப் பேரை, பாரமான மரக்கட்டைகளைச் சுமந்தபடி கொளுத்தும் வெயிலிற் கம்பனியின் கட்டிடத்தைச் சுற்றிச் சுற்றி நடக்க வைத்த செய்தி அவர் காதுக்கு எட்டிற்று. விழுந்தவரைச் சவுக்கால் அடித்து எழுப்பினர். ஒருவர் இறந்தார். அதன் பின்னர் ஜீத்தின் குறிப்பேடு மாறிற்று. கம்பனிகளின் பெயரைச் சொல்லி அவர் எழுதிய நூல் 1927 இல் வெளிவந்து பாராளுமன்றம் வரை சென்றது. குடியேற்ற ஆட்சியையே ஒழிக்கவேண்டும் என்று அவர் அப்போது கூறவில்லை. கம்பனிகளைக் கண்டித்தவர், அக்கம்பனிகளைக் கொண்டுவந்த ஆட்சியை அவ்வளவு தூரம் கேள்விக்குட்படுத்தவில்லை. இக்குறை இருக்க, ஒன்றை ஒப்புக்கொள்ளல் வேண்டும்: கேட்டதை எழுதாமல் விட்டிருந்தால் வண்ணத்துப்பூச்சிகளைப் பற்றிய நல்லதொரு நூல் கிடைத்திருக்கும், அவ்வளவே.

கினி வளைகுடாவிலுள்ள சாவோ தோமே தீவுக்கும் இத்தகைய பயணி ஒருவர் சென்றார். ஆங்கிலப் பத்திரிகையாளர் ஹென்றி நெவின்சன் 1904, 1905 ஆம் ஆண்டுகளில் அங்கோலாவின் உட்பகுதியில் அடிமை வழியே நடந்தார். ஓட்டையிட்ட மரவிலங்குகள் வழிநெடுகக் கிடப்பதைக் கண்டார். அவ்வழியே வந்தோர் 'ஒப்பந்தத் தொழிலாளர்' என்னும் பெயரோடு கப்பலேற்றப்பட்டு, போர்த்துக்கேயரின் கொக்கோத் தோட்டங்களுக்குச் சென்றனர். திரும்பியவர் அரிது. அவருடைய நூல் 1906 இல் வெளிவந்தது. 1909 இல் ஆங்கிலச் சொக்கிலேற் உற்பத்தியாளர் அத்தீவின் கொக்கோவை வாங்க மறுத்தனர். 1975 இல் தீவு விடுதலை பெற்றது. பழைய தோட்டங்கள் அங்கு 'றோசா' எனப்படும். துரைமாரின் பெருமனைகள் சில இன்று உல்லாசப் பிரயாணிகளுக்கான விடுதிகளாகி விட்டன. பின்புறத்துத் தொழிலாளர் குடியிருப்புகளிலோ, ஒப்பந்தத்தில் வந்தோரின் பேரப்பிள்ளைகள் இன்றும் வாழ்கின்றனர். மாடத்திலிருந்து கோப்பி அருந்தும் பயணிக்கு அக்குடியிருப்புகள் 'பழமையின் எழில்' பொருந்திய காட்சியாகப் படுகின்றன. எமது மலையகத்திலே துரை பங்களாவில் தங்கிக் கொழுந்து பறிக்கும் பெண்ணைப் படம் பிடித்து, லயத்தின் பக்கம் திரும்பாமற் போவோரைக் கண்டவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

உல்லாசப் பிரயாணத்தால் அந்நாடுகளுக்கு வருவாய் கிடைக்கின்றது, காடும் விலங்கும் காக்கப்படுகின்றன என்ற வாதம் வலுவானது. மலைக் கொரில்லாக்களின் தொகை 2018 இல் ஆயிரத்தைத் தாண்டியதாகக் கணக்கிடப்பட்டது. அழிந்துபோகும் என்று அஞ்சப்பட்ட இனம் அது. பயணிகளின் பணமின்றி இது நடந்திராது என்பதை நாம் மறுக்கவில்லை. இன்று உகண்டாவில் ஒரு மணி நேரம் கொரில்லாவைக் காண அந்நியர் 800 அமெரிக்க டொலர் செலுத்துகின்றனர்.

ஆயின் அக்காட்டில் வாழ்ந்தவர் கொரில்லாக்கள் மட்டுமல்லர். பட்வா மக்கள் தலைமுறை தலைமுறையாக அங்கு தேனெடுத்தும் கிழங்கு அகழ்ந்தும் வேட்டையாடியும் வாழ்ந்தனர். 1991 இல் புவிண்டியும் மகாகிங்காவும் தேசிய வனங்களாகப் பிரகடனஞ் செய்யப்பட்டபோது அவர்கள் வெளியேற்றப்பட்டனர். பெரும்பாலோருக்கு நிலமோ நட்டஈடோ கிடைக்கவில்லை. பிறர் நிலத்தின் ஓரங்களிற் குடிசை போட்டுக் கூலிகளாயினர். நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் அவர்களுக்கு அநீதி இழைக்கப்பட்டதை ஏற்றுத் தீர்ப்பளித்தது 2021 இலேதான்.

இப்பொழுது மகாகிங்காவிலே 'பட்வா வழி' என்றொரு பிரயாண ஏற்பாடு உண்டு. கட்டணஞ் செலுத்தும் பயணிகளைப் பட்வா வழிகாட்டிகள் காட்டுக்குள் அழைத்துச் செல்கின்றனர். தீக்கடைந்து காட்டுவர். எந்த இலை எந்நோய்க்கு என்று கூறுவர். எங்கே மறைந்திருந்து அம்பெய்தனர் என்று நடித்துக் காட்டுவர். குகையொன்றினுள்ளே பெண்கள் பாடுவர். பிறகு பயணியும் வழிகாட்டியும் ஒருங்கே காட்டை விட்டு வெளியேற வேண்டும். அங்கு தங்க இருவருக்கும் உரிமையில்லை. தன் வீட்டுக்குள் நுழைவதற்கு ஒருவனுக்குத் தன் வீட்டையே வேடிக்கை காட்டும் தொழில் வேண்டியிருக்கின்றது. இத்தொழிலால் அவர்களுக்குக் கூலி கிடைக்கின்றது, மறைந்துபோகவிருந்த அறிவு இளையோரிடம் சிறிதளவேனும் தங்குகின்றது என்பதும் உண்மையே. பயணி போகாதுவிடின் அவர்களுக்கு அக்கூலியும் இல்லை. ஆதலாற் போகாதே என்று கூறி நாம் கைகழுவி விடுவதற்கில்லை. கொரில்லாவுக்குக் கொடுக்கும் 800 டொலரில் அதன் அயலவனுக்குச் சேர்வது எவ்வளவு, வெளியேற்றப்பட்டவனுக்கு நிலம் எப்பொழுது என்று கேட்காத பயணி, அநீதியின் பலனை நுகர்பவன் ஆகின்றான் என்றே கூறுவோம். அவன் வெளியேற்றியவனல்லன். ஆயினும் வெளியேற்றியதால் உண்டான 'மனிதர் கைபடாத காடு' என்ற பண்டத்தை வாங்குபவன் அவனே. வாங்குவோன் இருக்கும்வரை விற்போனுக்கு நியாயம் கிடைத்துக்கொண்டேயிருக்கும்.

'நீ எதற்காக வந்தாய்?' என்று அக்கிராமத்தார் கேட்பின் பயணி யாது கூறுவான்? 1895 இல் காபோனின் ஒகோவே ஆற்றில் ஏறிச்சென்ற மேரி கிங்ஸ்லி என்னும் ஆங்கிலப் பெண்மணி துணியும் புகையிலையும் கொண்டு சென்று பண்டமாற்றுச் செய்தவாறே பயணித்தார். வியாபாரியாக வருபவரின் நோக்கம் எவருக்கும் விளங்கும் என்பது அவர் கருத்து. ஏகாதிபத்திய வணிகரை அவர் அளவுக்கு மீறி நம்பியதை நாம் ஏற்கமாட்டோம். எனினும் வீட்டுக்காரனுக்கு விளங்கக்கூடிய காரணத்தோடு ஒரு வீட்டுக்குப் போகவேண்டும் என்ற அவரது உணர்வு, 'யாரும் போகாத இடத்தில் இருந்தேன்' என்று சொல்லிக்கொள்வதற்காக மட்டும் செல்வோரிடம் காணப்படுவதில்லை. விருந்தோம்பல் என்பது எமது மரபிலும் ஆபிரிக்க மரபுகளிலும் இருவழிப் பாதை. இன்று உண்டவன் நாளை ஊட்டவேண்டும். மறுவிருந்துக்கு இடமில்லாத விருந்து, விருந்தன்று.

அம்மறுவிருந்தின் நிலை யாது? பிரெஞ்சு மொழி வழங்கும் ஆபிரிக்க நாடுகளிலிருந்து பாலைவனத்தையும் மத்தியதரைக் கடலையும் கடந்து ஐரோப்பாவுக்குப் புறப்படும் இளைஞர் தம் பயணத்தைக் குறிக்க ஒரு சொல்லை வழங்குகின்றனர். அச்சொல்லுக்குப் பொருள் 'சாகசம்' என்பதே. தம்மை அவர்கள் சாகசக்காரர் என்றே அழைத்துக்கொள்கின்றனர். ஐரோப்பியப் பத்திரிகைகள் அவர்களுக்கு அப்பெயரை வழங்குவதில்லை. கள்ளக் குடியேறிகள் என்கின்றன. வடக்கிலிருந்து தெற்கே செல்பவன் ஆற்றைக் கடந்தால் அது வீரம், தெற்கிலிருந்து வடக்கே செல்பவன் கடலைக் கடந்தால் அது குற்றம்.

கமரூனில் ஆங்கிலம் வழங்கும் பகுதியிலே இன்னொரு வழக்கு உளது. ஐரோப்பாவுக்கோ அமெரிக்காவுக்கோ செல்பவனைக் 'காட்டுக்குள் இறங்கியவன்' என்னும் பொருள்பட அங்கு 'புஷ்போலர்' என்பர். வேட்டைக்குப் போனவன் இறைச்சியோடு மீள்வான் என்று வீடு காத்திருப்பது போலவே, அவனும் பொருளோடு மீள்வான் என்று குடும்பம் காத்திருக்கின்றது. காடு கொடியது, வழி தெரியாதது, விலங்குகள் நிறைந்தது. ஆயினும் பசி தீர்ப்பது. அவர்கள் அகராதியிலே லண்டனும் பேர்லினும் பாரிசும் காடுகள்.

அக்காட்டுக்குள் நுழைய அனுமதி வேண்டி யவுண்டே நகரத்துத் தூதரகங்களின் வாயிலில் அவர்கள் அதிகாலையிலேயே வந்து வரிசையில் நிற்கின்றனர். பெரும்பாலான ஐரோப்பிய நாடுகளுக்கான குறுகியகால விசாவுக்கு விண்ணப்பக் கட்டணம் 90 யூரோ. விண்ணப்பம் மறுக்கப்பட்டாலும் அப்பணம் திருப்பித் தரப்படுவதில்லை.